கோடிக்கு அடிதடி, எடிட்டருக்கு ஆளில்லை

ஒரு தமிழ்ப் படம் எவ்வளவு வசூலித்தது என்று அடித்துச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர்: தயாரிப்பாளர், அவருடைய ஆடிட்டர். அந்த இருவரும் வாய் திறப்பதற்கு முன்பே, படம் வெளியான அன்று சாயங்காலத்துக்குள், விக்கிப்பீடியாவின் தகவல் பெட்டியில் கோடிக் கணக்கு ஏறிவிடுகிறது. ஏற்றியவர் ஒரு ரசிகர். சற்று நேரத்தில் எதிர் முகாமிலிருந்து இன்னொருவர் வந்து அதைப் பாதியாக்குகிறார். முதலாமவர் திரும்பவும் ஏற்றுகிறார், இந்த முறை வட்டியும் சேர்த்து. மறுநாள் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் வரிசை வரிசையாகத் திருத்தங்கள். அத்தனையும் ஒரே ஒரு எண்ணில். 'தொகு' என்பதை அழுத்திப் பாருங்கள். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று இரண்டு இடங்கள் காலியாகவே கிடக்கும். அந்தப் பக்கம் வந்த கூட்டத்தில் ஒருவர்கூட அவற்றைத் தொட்டிருக்க மாட்டார்.

என் ஆதங்கமே இதுதான். சரிபார்க்க முடியாத விஷயத்துக்கு இத்தனை அடிதடி; சரிபார்க்க முடிந்த விஷயத்துக்கு ஆளே இல்லை.

இந்தியாவில் எல்லாத் தியேட்டர் வசூலையும் திரட்டி அதிகாரபூர்வமாக அறிவிக்கும் அமைப்பு எதுவும் கிடையாது. கிடைப்பதெல்லாம் தயாரிப்பு நிறுவனத்தின் போஸ்டரும், 'டிராக்கர்' என்று தங்களுக்குத் தாங்களே பட்டம் சூட்டிக்கொண்டவர்களின் பதிவுகளும்தான். போதாததற்கு கிராஸ் என்று ஒன்று, வரி போக நெட் என்று ஒன்று, தியேட்டர் பங்கு போக விநியோகஸ்தர் கைக்கு வரும் ஷேர் என்று ஒன்று. ஒரு படத்தின் கிராஸையும் இன்னொரு படத்தின் ஷேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் வேண்டுமானாலும் யாரையும் முந்திவிடலாம். செய்திகள் முரண்பட்டால் இத்தனை கோடியிலிருந்து இத்தனை கோடி வரை என்று எழுதுவது ஆங்கில விக்கிப்பீடியாவில் பழக்கம். அதையும் விட்டுவைப்பதில்லை, ஒருவர் கீழ் எண்ணை அழிப்பார், அடுத்தவர் மேல் எண்ணை. முன்பெல்லாம் வெற்றியை நாள் கணக்கில் அளந்தார்கள். 1944இல் வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்றால், பழைய தினசரி விளம்பரங்களைப் புரட்டி எண்ணிவிடலாம். கோடியை எதைப் புரட்டி எண்ணுவது?

இதில் பெரிய கூத்து ஆதாரம் கேட்கும்போதுதான் வரும். காலையில் ஒருவர் மனம்போன எண் ஒன்றைப் போடுவார். ஏதோ ஒரு செய்தித் தளம் அதை அப்படியே எடுத்துத் தலைப்பாக்கும். சாயங்காலம் அவரே அந்தச் செய்தியைக் கொண்டுவந்து மேற்கோளாகச் செருகுவார். தான் சொன்ன பொய்க்குத் தானே சாட்சி வாங்கிவரும் சாமர்த்தியம்!

விதி இல்லாமல் இல்லை. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் அடுத்தவர் திருத்தத்தை மீளமைத்தால் தடை விழலாம். விழுந்ததும் அதே எண்ணுடன் புதுப் பயனர் பெயர் ஒன்று முளைக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் பேச்சுப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது, பேசித் தீர்த்துக்கொள்ளத்தான். இந்தச் சண்டைக்காரர்கள் அங்கே எட்டிப் பார்ப்பதேயில்லை. எதற்காக மாற்றினோம் என்று தொகுப்புச் சுருக்கத்தில் நாலு வார்த்தை எழுதக்கூட மனம் வருவதில்லை.

அடுத்தது பட்டம். கலைக்களஞ்சியத்தில் நடிகர் பெயர் போதும், அடைமொழி வேண்டாம் என்பது விக்கியின் பொதுவான நடைமுறை. 2021 டிசம்பரில் அஜித்குமாரே 'தல' வேண்டாம், பெயரைச் சொன்னால் போதும் என்று அறிக்கை விட்டார். அவர் பேச்சையே கேட்காதவர்கள் விக்கி நிர்வாகி பேச்சையா கேட்கப் போகிறார்கள்? 'மாபெரும் வெற்றிப்படம்', 'மெகா ஹிட்' எல்லாம் ஒரு வாசல் வழியாக வெளியே போனால் மறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகின்றன.

கதைச்சுருக்கத்துக்கு வருகிறேன். ஆங்கில விக்கியின் திரைப்பட நடைக்கையேடு கதைக்கு 400 முதல் 700 சொற்கள் என்று அளவு வைத்திருக்கிறது. முடிவை மறைக்க வேண்டியதில்லை. படமே ஆதாரம் என்பதால் கதைக்குத் தனியாக மேற்கோளும் தேவையில்லை. இதைவிடச் சுலபமான வேலை உண்டா? நம்மவர்கள் எழுதுவதைப் பாருங்கள்: 'கிராமத்திலிருந்து சென்னை வரும் நாயகன் ஒரு சிக்கலில் மாட்டுகிறான். அதிலிருந்து மீண்டானா என்பதே மீதிக் கதை.' அந்த மீதியைத் தெரிந்துகொள்ளத்தானே ஐயா வாசகர் கலைக்களஞ்சியத்தைத் திறந்தார்? தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்ததற்கு நியாயம் இருந்தது. டிக்கெட் விற்க வேண்டும். இங்கே நாம் என்ன விற்கிறோம்?

பெயரை எழுதும் முறையும் ஆளுக்கொன்று. ஒரே இசையமைப்பாளரை ஒருவர் ஜகரம் போட்டும், இன்னொருவர் சகரம் போட்டும், மூன்றாமவர் முன்னெழுத்தை மாற்றியும் எழுதுகிறார்கள். எது சரி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் அந்த எழுத்தில் கட்டுரை இல்லை என்று இணைப்பு சிவப்பாகிவிடுகிறது. யாரோ ஒருவர் அதைச் சொடுக்கி, இருக்கிற மனிதருக்கு இரண்டாவது கட்டுரை தொடங்குகிறார். பிறகு இரண்டையும் இணைக்க ஒரு ஆள் உட்கார வேண்டும்.

வாதம் செய்யத்தான் ஆசை என்றால், உருப்படியான வாதத்துக்கா பஞ்சம்? நடராஜ முதலியாரின் மௌனப் படம் 'கீசக வதம்' எந்த ஆண்டு வந்தது? 1916, 1917, 1918 என்று மூன்று ஆண்டுகள் சொல்லப்படுகின்றன. 1931 அக்டோபர் 31இல் வெளியான 'காளிதாஸ்' முதல் தமிழ்ப் பேசும் படமா, தமிழும் தெலுங்கும் கலந்த படமா? இரண்டு படங்களின் பிரதியும் இன்று இல்லை. இதற்கெல்லாம் பழைய பத்திரிகை தேட வேண்டும், நூலகம் போக வேண்டும். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் கணினி இல்லாத காலத்திலேயே படம் படமாகத் தகவல் சேர்த்தார். 2004இல் அது 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்று புத்தகமாகவே வந்தது. அதைப் பார்த்து நாலு குறுங்கட்டுரையை வளர்க்கச் சொன்னால், "அதை யார் சார் படிப்பாங்க?" என்கிறார்கள்.

நூலகம் போக வேண்டாம், விடுங்கள். உங்கள் தலைவர் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் சில விநாடி தணிக்கைச் சான்றிதழ் வருகிறது. நிறுத்திப் பார்த்தால் படத்தின் நீளம், சான்று தந்த தேதி எல்லாம் அதில் இருக்கும். பின்னாலேயே எடிட்டர், ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர், சண்டைப் பயிற்சியாளர் பெயர்கள் வருகின்றன. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு அந்தப் படத்தை உருவாக்கியவர்கள் அவர்கள். அவர்கள் பெயரை ஒழுங்காக ஏற்றுங்கள். அதை யாரும் வந்து அழிக்க மாட்டார்கள். கோடிகளைத் தயாரிப்பாளர் எண்ணிக்கொள்வார். அதற்கு அவர் ஆடிட்டருக்குச் சம்பளம் கொடுக்கிறார்.