செத்த மீனின் மூளையும் வேலை செய்யும்!

நேற்று சாயங்காலம் ரோச் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் செல்போனை நீட்டினார்.

"பாத்தீங்களா அண்ணாச்சி? மனசாட்சியே இல்லாத சைக்கோ ஆளுங்க இருக்காங்கல்ல, அதுல ஆம்பள மூளை வேற மாதிரி, பொம்பள மூளை வேற மாதிரி வேலை செய்யுதாம். இனிமே கோர்ட்டு, சாட்சி எல்லாம் எதுக்கு? தலையில மெஷினை மாட்டினாப் போதும்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். மூளையில் பேச்சுக்கான இடத்தை 1861-ல் காட்டிய போல் புரோக்கா எங்களுக்குப் பெரிய மேதை. அதே மேதைதான் மூளைகளை நிறுத்துப் பார்த்து, ஆணுக்குச் சராசரி 1325 கிராம், பெண்ணுக்கு 1144 கிராம் என்று எழுதினார். 1879-ல் குஸ்தாவ் லெ போன் ஒரு படி மேலே போய், பாரிஸ் பெண்களில் பலருடைய மூளை கொரில்லாவின் மூளைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்றார். தராசில் கோளாறு இல்லை. பார்த்தவர் கண்ணில்தான் கோளாறு.

இன்றைய ஸ்கேனை நான் குறை சொல்லவில்லை. பயத்தோடு சம்பந்தப்பட்ட அமிக்டலா என்ற பகுதி இப்படிப்பட்டவர்களிடம் மந்தமாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆண்களை வைத்துச் செய்தவை. கனடாவின் ராபர்ட் ஹேர் தயாரித்த 40 மதிப்பெண் அளவுகோலும் ஆண் கைதிகளைப் பார்த்துப் பிறந்ததுதான். ஆணுக்கு வெட்டிய சட்டையைப் பெண்ணுக்குப் போட்டுவிட்டு "பொருந்தவில்லை" என்றால் யார் குற்றம்?

சரி, வித்தியாசம் உண்மை என்றே வைப்போம். அது சராசரிதானே? 1961-ல் நடந்த முத்துக்குளிப்பைப் பார்த்தவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். குளிப்புக்கு முன்னால் பாரிலிருந்து கொஞ்சம் சிப்பி எடுத்து உடைத்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று மதிப்புப் போடுவார்கள். ஆனால் என் கையில் இருக்கும் இந்த ஒரு சிப்பிக்குள் முத்து உண்டா? அந்தக் கணக்கு அதைச் சொல்லாது. கூண்டில் நிற்பது சராசரி அல்ல, ஒரு ஆள்.

2009-ல் கிரெய்க் பென்னெட் என்ற அமெரிக்க ஆய்வாளர் செத்த சால்மன் மீனை ஸ்கேனில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, "இவர் மனசில் என்ன ஓடுகிறது?" என்று கேட்டார். மீனின் மூளையில் செயல்பாடு தெரிந்தது! ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சோதித்தால் சில தற்செயலாக மின்னும். அதைக் கணக்கில் திருத்தாவிட்டால் செத்த மீனும் யோசிக்கும் என்று காட்டவே அதைச் செய்தார்.

சிரிக்க முடியாத கதையும் உண்டு. 2008 ஜூனில் புனேயில் ஒரு கொலை வழக்கில் இளம்பெண் ஒருத்திக்கு ஆயுள் தண்டனை. மற்ற சாட்சியங்களோடு அவளுடைய மூளை அலைப் பதிவும் தீர்ப்பில் ஏறியது. வாக்கியங்களைக் கேட்டபடி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். மூளையே ஒப்புக்கொண்டது என்றார்கள். இது வேறு வகைச் சோதனைதான். ஆனால் அதன் பின்னால் இருக்கும் ஆசை நண்பருடைய ஆசைதான். 2010 மே 5-ல் செல்வி வழக்கில், சம்மதம் இல்லாமல் இத்தகைய சோதனைகள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஏனென்றால் நீதிமன்ற நகல் பிரிவில் காலம் கழித்தவன் நான். பெண் குற்றவாளி என்றால் வராந்தா நிறைந்துவிடும். அழுதால் "நடிக்கிறாள்", அழாவிட்டால் "கல்நெஞ்சக்காரி". ஆண் அழுதானா என்று யாரும் கேட்டதில்லை. அவன் என்ன செய்தான் என்றுதான் கேட்டார்கள். அந்த வராந்தாப் பேச்சுக்கு ஸ்கேன் படம் கிடைத்தால் என்ன ஆகும்?

மூளையை ஆராயட்டும், வைத்தியம் கண்டுபிடிக்கட்டும். தீர்ப்புக்கு மட்டும், ஆணோ பெண்ணோ, செய்த காரியத்தைப் பாருங்கள்.

நண்பர் இதைப் படிப்பார். நாளைக்குப் பெஞ்சில் பதில் சொல்லட்டும்.