மந்திர ஒலியா? யந்திர ஒலியா?

ஒலியிலிருந்து ஒளி பிறப்பதை மேல்நாட்டு விஞ்ஞானிகளே கண்டுவிட்டார்களாம்; ஆகவே மந்திர ஜெபத்துக்கு மகிமை உண்டென்பது ருசுவாகிவிட்டதாம்! புராணப் பிரசங்கிகள் கிளப்பியிருக்கும் புதுச்சரக்கு இது.

தோழர்களே! ஒலியிலிருந்து ஒளி பிறப்பது மெய்தான். 1934-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பிரென்சல், ஷுல்டெஸ் என்ற இருவர், போட்டோ கழுவும் வேலையைத் துரிதப்படுத்த எண்ணி, திரவத்துக்குள் காதுக்கெட்டாத ஒலியைச் செலுத்தினார்கள். தகட்டில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் பதிந்தது. அவ்வொலியால் நீருக்குள் நுண்ணிய குமிழிகள் தோன்றிப் பருத்து, சடக்கென்று நொறுங்குகின்றன. அக்கணத்தில் உள்ளே பல ஆயிரம் டிகிரி சூடேறி ஒளி தெறிக்கிறது. அவர்கள் எந்த ரிஷியின் பேரையும் உச்சரிக்கவில்லை.

புரோகிதரின் தொண்டை வினாடிக்குச் சில நூறு முறை அதிரும். அறையில் பனிமூட்டம் கிளப்பும் சின்ன யந்திரத்தின் வில்லையோ சுமார் 17 லட்சம் முறை அதிரும். விலை சில நூறு ரூபாய். ஒரு திதிச் செலவுக்கும் காணாது. காரம் சேர்த்த லூமினால் கரைசலில் அவ்வில்லை அதிர்ந்தால் இருட்டில் நீல ஒளி தெரிகிறது. கூடக் கலந்துள்ள பொருளுக்குத் தக்கபடி அவ்வொளி கூடும், அல்லது குறையும். உப்பு நீரில் நம் அடுப்பில் உப்பு சிந்தினால் எரியும் அதே மஞ்சள் நிறமே ஒலியின் ஒளியிலும் வெளிப்படுவதை ஆராய்ச்சிக்காரர் கண்டிருக்கிறார்கள். ஆறுமுகநேரி உப்பளத்தாருக்கு அந்த மஞ்சளைப் பற்றி நாம் சொல்லவும் வேண்டுமா? இந்த ஒளியை அளந்தால் நீரில் கலந்திருப்பதைக் கையடக்கக் கருவியாலேயே சோதிக்க வழி பிறக்கும்.

ஒளி மிக மங்கல்; பல பொருள்கள் கலந்திருந்தால் எது என்று பிரித்தறிவது கஷ்டம். இந்தக் குறைகளை ஆராய்ச்சிக்காரரே எழுதி வைக்கிறார்கள். தன் மந்திரம் பலிக்காத இடத்தை எழுதி வைத்த சாஸ்திரி உண்டா?

இன்று குடிக்கிற தண்ணீரில் என்ன இருக்கிறதென்று அறிய, போத்தலில் பிடித்துப் பட்டணத்துக்கு அனுப்பிக் காத்திருக்கிறோம். கும்பாபிஷேகத்துக்கு வசூலாகும் பணத்தில் நூற்றிலொரு பங்கு போதும், நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்தச் சோதனையைச் செய்து பழக. அதைக் கேட்டால் நாஸ்திகமாம்!

இந்தக் கடற்கரைக்கு இது புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன ‘கடல்கட்டி’க்கு வெள்ளைக்கார சர்க்காரே கூலி கொடுத்து வந்தது. மூழ்கியவனுக்கு மூச்சுத் திணறல். கரையில் முணுமுணுத்தவனுக்குச் சிப்பி!

ஒலி மகிமைக்காரரை அழைக்கிறோம். இருட்டறையும் ஒரு தம்ளர் கரைசலும் எங்கள் பொறுப்பு. அவர் எத்தனை நாழிகை வேண்டுமானாலும் ஜெபிக்கட்டும். பிறகு எங்கள் வில்லையை வைக்கிறோம். ஆறுமுகநேரியில் எந்தத் தெருவில், எந்த நாளில் என்பதை அவரே சொல்லட்டும்.