யாப்புக்கும் சாதி உண்டு

'உங்க கவிதையில கோபம் இருக்கு. ஓசை இல்ல, கட்டுக்கோப்பு இல்ல.' தலித் கவிதை பற்றிப் பேச்சு வந்தாலே இப்படிச் சொல்லிவிடுகிறார்கள். யாப்பு என்பது சாதிக் கறை படியாத சுத்தமான கணக்கு என்பதுபோல் ஒரு தோரணை. அந்தக் கணக்கைக் கொஞ்சம் தணிக்கை செய்வோம். வங்கிக் குமாஸ்தாவான எனக்கு அது பழகிய வேலைதான்.

எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை எல்லாம் காதுக்கான விதிகள். அதில் குற்றமில்லை. ஆனால் பாட்டியல் நூல்களைப் புரட்டுங்கள். வெண்பா அந்தணருக்கு, ஆசிரியப்பா அரசருக்கு, கலிப்பா வணிகருக்கு, வஞ்சிப்பா வேளாளருக்கு என்று பாவுக்கே வருணம் பிரித்திருக்கிறார்கள். எழுத்துகளையும் விட்டுவைக்கவில்லை. கலம்பகம் பாடினால் கடவுளுக்கு 100 பாட்டு, அரசருக்கு 90, வணிகருக்கு 50, வேளாளருக்கு 30. சேரிக்காரனுக்கு? பேரேட்டில் அப்படியொரு பக்கமே கிடையாது. இந்த இலக்கணத்தின் வாரிசுகள்தான் இன்று நம்மிடம் இலக்கணம் கேட்கிறார்கள்.

சரி, அவர்கள் கோலாலேயே அளப்போம். எங்க ஊர்க் கிழவி ஒப்பாரி வைக்கிறாள். முதல் கண்ணியில் ஒன்றைச் சொல்கிறாள். அடுத்த கண்ணியில் அதே அமைப்பை வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்றுகிறாள். முதலெழுத்து ஒன்றி மோனை விழுகிறது, இரண்டாம் எழுத்து ஒன்றி எதுகை விழுகிறது. அடி முடிவில் செத்தவரை விளிக்கிற 'அம்மா', 'அய்யா' திரும்பத் திரும்ப வருதே, அது இயைபு. சீர் குறைந்தால் இழுத்து நிரப்புகிறாள். கூடினால் ஒரே மூச்சில் விழுங்குகிறாள். மாரில் விழுகிற கைதான் தாளம். அழுகை தொண்டையை அடைக்கிற இடத்தில் அடி முடிகிறது. மேல்சாதி வீட்டுச் சாவுக்கு அவளைக் கூப்பிட்டு அழச் சொன்னபோது யாருக்கும் ஓசை குறைவாய்ப் படவில்லை.

வெண்பாவின் கடைசி அடி மூன்றே சீரில் சட்டென நின்றுவிடும். அதை அழகு என்கிறார்கள். நம் கவிதை அப்படி நின்றால் 'முடிக்கத் தெரியல'. 1959இல் தொடங்கிய 'எழுத்து' யாப்பை மீறிய கவிதைக்கு இடம் தந்ததை நவீனம் என்று கொண்டாடினார்கள். நாம் மீறினால் கூச்சல்!

யாப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதையும் கற்போம், அது யாருடைய காதுக்காக எழுதப்பட்டது என்றும் கேட்போம். ஒப்பாரி சேகரிக்கிற தோழர்களே, வார்த்தையை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். இழுப்பு எங்கே, மூச்சு எங்கே, கை எங்கே விழுகிறது என்பதையும் குறித்து வையுங்கள். நம்ம யாப்பை அங்கிருந்துதான் எழுதத் தொடங்க வேண்டும்.