நாள் குறியுங்கள்: கூடும் உரிமைக்கான கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும் அதன் காவல்துறைக்கும் தொழிலாளர் துறைக்கும் இந்தச் சாசனத்தை அளிக்கிறோம். புதிதாக எந்த உரிமையையும் நாங்கள் கேட்கவில்லை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவதும் சங்கம் சேர்வதும் 1950 முதல் அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது உறுப்பில் எங்களுடையவை. அவற்றை யாரும் நேராக மறுப்பதில்லை, நாள் கடத்துகிறார்கள். அதனால் ஒவ்வொரு கோரிக்கையோடும் நாளையும் சேர்த்தே கேட்கிறோம்.

முதலில் பதினைந்து நாள் தடை. சென்னை மாநகரக் காவல் சட்டம் 1888இல் வந்தது. அதன் 41ஆவது பிரிவைக் கொண்டு கூட்டம், ஊர்வலம், உண்ணாவிரதம், மனிதச் சங்கிலி எல்லாவற்றுக்கும் காவல் ஆணையர் பதினைந்து நாள் தடை போடுகிறார். அது முடிந்தால் இன்னொரு பதினைந்து நாள், பிறகு மறுபடியும். மாவட்டங்களில் இதே வேலைக்கு 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30(2) பிரிவைப் பயன்படுத்துகிறார்கள். 1857க்குப் பின் தன் குடிகளைக் கண்டு பயந்த ஓர் ஆட்சி எழுதிக்கொண்ட சட்டம் அது. 144 தடையாணையைத் திரும்பத் திரும்பப் பிறப்பிப்பது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்று 2020 ஜனவரியில் காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நியாயம் 41ஆவது பிரிவுக்கும் பொருந்தும். தொடர் தடை இந்த மாதத்தோடு நிற்க வேண்டும். உண்மையிலேயே ஆபத்து இருந்தால் எந்தத் தெருவில், எத்தனை நாளைக்கு, எதனால் என்று எழுதி, எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டுவிட்டுத் தடை செய்யட்டும்.

அடுத்து, மனுவுக்குப் பதில். ஐந்து நாள் முன்பே மனு கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கிறோம். ரசீது கிடைப்பதில்லை. ஸ்டேஷனில் கேட்டால் உதவி ஆணையர் அலுவலகம் என்பார்கள். அங்கே போனால் உளவுப் பிரிவு அறிக்கை வரவில்லை என்பார்கள். மேடைக்கும் மைக் செட்டுக்கும் முன்பணம் கொடுத்து, வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறிய பிறகு, கூட்டத்துக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு மறுப்புக் கடிதம் வீடு தேடி வரும். ‘சட்டம் ஒழுங்கு, போக்குவரத்து நெரிசல்’ என்று ஒரே வாசகம். தேதியும் பெயரும் மட்டும் மாறியிருக்கும். நீதிமன்றம் போக நேரம் இருக்காது. வரையறை ஏதும் இல்லாமல் அனுமதியைக் காவல் அதிகாரியின் விருப்பத்துக்கு விடும் விதி செல்லாது என்று அகமதாபாத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1972இல். அன்றன்றே முத்திரையிட்ட ரசீது, கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பாகக் காரணத்தோடு எழுத்தில் பதில், பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பொருள்: இதற்கு ஓர் அரசாணை போதும். முப்பது நாளில் போடலாம். மண்டபத்துக்குள் நடக்கும் கூட்டத்துக்கு அனுமதியே தேவையில்லை என்பதையும், மண்டப உரிமையாளருக்கு ஸ்டேஷனிலிருந்து போன் போகக் கூடாது என்பதையும் அதே ஆணையில் எழுத வேண்டும்.

கரூரில் 2025 செப்டம்பர் 27 அன்று அரசியல் கூட்ட நெரிசலில் 41 உயிர்கள் போயின. பெருங்கூட்டங்களுக்குக் கண்டிப்பான பாதுகாப்பு விதி வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் லட்சம் பேருக்கான விதியும் முன்வைப்புத் தொகையும், அட்டை பிடித்து நிற்கும் ஐம்பது பேர் தலையில் விழக் கூடாது. ஐந்நூறு பேருக்குக் குறைந்த கூட்டத்துக்குத் தகவல் கடிதம் மட்டுமே போதும் என்று விதி செய்யுங்கள்.

இடம் வேண்டும். 1907இல் விபின் சந்திர பாலின் பேச்சைச் சென்னை கேட்டது கடற்கரை மணலில் உட்கார்ந்து. சிங்காரவேலர் 1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களில் ஒன்றைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் இன்னொன்றை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையிலும் நடத்தினார். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். அந்தக் கடற்கரையில் இன்று பத்துப் பேர் அட்டையோடு நின்றால் போலீஸ் வேன் வந்துவிடும். மெரினாவில் ஒரு பகுதியை வரையறுத்துத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் ஆட்சியர் அலுவலகம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஓர் இடம் ஒதுக்குங்கள். ஊருக்கு வெளியே, யார் காதிலும் விழாத பொட்டலைக் காட்டினால் ஏற்க மாட்டோம். நிழலும் குடிநீரும் பெண்களுக்குக் கழிப்பறையும் அங்கே இருக்க வேண்டும். ஆறு மாதம் இதற்குத் தாராளம்.

பிடித்துக்கொண்டு போனால் கணக்கு வேண்டும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்ட் 1 முதல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை எதிரே போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். நடைபாதையை மறிக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. 13ஆம் தேதி நள்ளிரவில் அவர்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டார்கள். சூரியன் மறைந்த பின் விடியும்வரை, தவிர்க்க முடியாத நிலையில் நீதித்துறை நடுவரின் முன் அனுமதி இல்லாமல், பெண்களைக் கைது செய்யக் கூடாது என்பது சட்டம். ‘கைது இல்லை, அப்புறப்படுத்தினோம்’ என்ற பதிலால் அந்தச் சட்டத்தைத் தாண்டிப் போக விடக் கூடாது. கல்யாண மண்டபத்தில் அடைக்கப்படும் ஒவ்வொருவரின் பெயர், பிடித்த நேரம், விட்ட நேரம் பதிவேட்டில் ஏற வேண்டும். வழக்கறிஞரை உள்ளே விட வேண்டும். மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மருந்து போய்ச் சேர வேண்டும். இதற்கு நாளைக் காலையே டி.ஜி.பி. சுற்றறிக்கை அனுப்ப முடியும்.

வழக்குகளைத் திரும்பப் பெறுங்கள். அமைதியாகக் கூடியதைச் சட்டவிரோதக் கூட்டம் ஆக்க முடியாது, பழைய தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவில் போலீஸ் தானாகவே முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அந்தப் பிரிவு இன்று புதிய தண்டனைச் சட்டத்தில் 223 என்ற எண்ணில் வருகிறது, வழக்குகளும் வருகின்றன. கல்லூரிப் பிள்ளை ஒரு மாலை கோஷம் போட்டதற்கு, பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் போலீஸ் விசாரணை வரும்போது பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறான். வன்முறை இல்லாத போராட்ட வழக்குகளின் பட்டியலை மாவட்டவாரியாக எடுத்து மூன்று மாதத்தில் முடித்துவைக்க வேண்டும்.

சங்கப் பதிவுக்கு நாள் குறியுங்கள். மண்டலப் பெயரில் இருக்கும் அதே திரு.வி.க.வும் வாடியாவும் தோழர்களும் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தொழிலாளர்களின் ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் வழக்குப் போட்டு, சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையுத்தரவு வாங்கியது. சங்கம் நடத்தியதற்காகத் தொழிலாளியை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்ற அந்த நிலைதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவிட்டது. சட்டத்துக்கு வித்திட்ட இதே மண்ணில், சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024இல் சங்கப் பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டு ஆறு மாதத்துக்கு மேல் காத்திருந்தார்கள். இடையில் 37 நாள் வேலைநிறுத்தம், பந்தலைப் பிரித்த போலீஸ், உயர் நீதிமன்ற வழக்கு. ஆறு வாரத்தில் முடிவெடுக்க நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே 2025 ஜனவரியில் பதிவு நடந்தது. பழைய சட்டமோ புதிய தொகுப்போ, விண்ணப்பம் வந்த முப்பதாம் நாள் சான்றிதழ் அல்லது காரணத்தோடு மறுப்பு வர வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமை குறித்த 87, 98ஆம் எண் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கைகளை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. ஏற்கச் சொல்லிச் சட்டமன்றம் வரும் கூட்டத்தொடரிலேயே தீர்மானம் போட வேண்டும்.

கடைசியாக, தூத்துக்குடி. 2018 மே மாதம் மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்த ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்க அது பரிந்துரைத்தது. யார்மீது, என்ன நடவடிக்கை, எந்தத் தேதியில் என்ற பட்டியலை முப்பது நாளில் வெளியிடுங்கள். சுட்டவர்கள் பதில் சொல்லாதவரை ஒவ்வொரு ஊர்வலத்துக்கும் கிளம்புகிற பிள்ளையை ஒரு தாய் வாசலில் தடுத்து நிறுத்துவாள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கையெழுத்திடுங்கள். நீங்கள் கொடுத்த மனு, உங்களுக்கு வந்த மறுப்புக் கடிதம், அது வந்த நேரம் மூன்றையும் நகல் எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரசின் பதிலுக்காக நாங்கள் போகும்போது அவற்றையும் எடுத்துக்கொண்டு கூட வாருங்கள்.