புனே: சீல் வைக்கப்பட்ட கட்டடத்தை உரிமையாளர் மீட்பது எப்படி?

புனேயின் கல்யாணி நகரில் 2024 மே 19 அதிகாலை சொகுசு கார் மோதி இரண்டு மென்பொருள் பொறியாளர்கள் உயிரிழந்தனர். காரை ஓட்டியதாகக் கூறப்பட்ட 17 வயதுச் சிறுவனுக்கு மது பரிமாறிய புகாரில், இரண்டு மதுக்கூடங்களுக்கு மாவட்ட ஆட்சியர் உத்தரவின்பேரில் சீல் வைக்கப்பட்டது. இத்தகைய நடவடிக்கைகளின்போது அதிகம் பேசப்படாதவர், இடத்தை வாடகைக்கு விட்ட உரிமையாளர்.

பூட்டைத் திறக்கும் வழி, எந்தச் சட்டத்தின்கீழ் பூட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. மது உரிம விதிமீறல் என்றால், மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டத்திலேயே மேல்முறையீட்டுக்கு இடமுண்டு.

இரைச்சல், புகை, துர்நாற்றம் போன்ற பொதுத் தொல்லை என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 152-ஆவது பிரிவு பொருந்தும். இதன்படி நிர்வாக நடுவர் முதலில் பிறப்பிப்பது நிபந்தனை உத்தரவு மட்டுமே. நேரில் வந்து ஆட்சேபம் தெரிவித்தால், அவர் சாட்சியங்களைப் பதிவு செய்து முடிவெடுக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இல்லாத காலவரம்பும் இப்போது உண்டு: 90 நாள்கள், காரணங்களைப் பதிவு செய்து 120 நாள்கள் வரை நீட்டிக்கலாம். வராமல் இருந்துவிட்டால் உத்தரவு இறுதியாகிவிடும்.

தொழிலை நிறுத்துமாறு மட்டுமன்றி, ஒழுங்குபடுத்துமாறும் நடுவர் உத்தரவிட முடியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒலித்தடுப்பு, நேரக் கட்டுப்பாடு போன்ற திட்டத்துடன் செல்பவருக்கு, வெறும் மறுப்புடன் செல்பவரைவிட வாய்ப்பு அதிகம். தூக்கம் இழந்த அண்டை வீட்டாருக்கும் அதுவே உண்மையான தீர்வு. இறுதி உத்தரவை உரிமையியல் நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது. அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ சீராய்வு கோரலாம்.

மிகவும் கடுமையானது, விபசாரத் தடுப்புச் சட்டம் என்று பரவலாக அறியப்படும் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு. மசாஜ் நிலையம் என்ற பெயரில் வாடகைக்குப் போன இடம் விபசார விடுதியாக நடந்தது என்று தெரியவந்தால், உரிமையாளருக்கும் நோட்டீஸ் வரும். பதிலளிக்க 7 நாள்களே அவகாசம். உத்தரவு வந்தபின் வாடகை ஒப்பந்தம் செல்லாது. அடுத்த ஓராண்டுக்கு, சோதனையில் சிறார் மீட்கப்பட்டிருந்தால் 3 ஆண்டுகளுக்கு, நடுவரின் முன் அனுமதியின்றி இடத்தை வாடகைக்கு விட முடியாது. மேல்முறையீடும் கிடையாது.

ஆனால், உரிமையாளர் நிரபராதி என்று நடுவர் கருதினால், அதே வாடகைதாரரிடம் மீண்டும் ஒப்படைக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் இடத்தைத் திருப்பித் தரலாம். எதைக் காட்டினால் நிரபராதி என்று ஏற்கப்படும் என்பதைச் சட்டம் விளக்காதது பெரும் குறை. பதிவு செய்த ஒப்பந்தம், வங்கி வழி வாடகை, காவல் நிலையத்தில் அளித்த வாடகைதாரர் விவரம் ஆகியவை அந்த 7 நாள்களுக்குள் கையில் இருந்தாக வேண்டும். அதையும் தவறவிட்டவருக்கு எஞ்சியிருப்பது, அரசமைப்புச் சட்டத்தின் 226, 227-ஆவது பிரிவுகளின்கீழ் மும்பை உயர் நீதிமன்றத்தை நாடுவது மட்டுமே.