கூப்பிடும் குரலுக்குப் பதில் வேண்டும்

பொழுதுபோக்கு என்பது வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் மும்பைத் தமிழர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. ஷிப்டு, ஓவர்டைம், லோக்கல் ரயில் நெரிசல் என்று ஓடும் வாழ்க்கையில் அப்படித் தோன்றுவது இயற்கை. ஆனால் ஒற்றை அறை வீட்டில் இருந்தபடியே உலகத்தோடு உறவு கொள்ளவும், முகம் தெரியாத மனிதருக்கு உதவவும் வழி செய்யும் பொழுதுபோக்கு ஒன்று உண்டு. அதுதான் ஹாம் வானொலி.

அரசிடம் முறையாக உரிமம் பெற்று, சொந்த வானொலிக் கருவி மூலம் உலகெங்கும் உள்ள மற்ற ஹாம்களோடு பேசுவதே இது. இதில் வியாபாரப் பேச்சு கூடாது. கூலி வாங்கவும் கூடாது.

பூங்காவிலிருந்து அழைப்பு

அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களுக்கான அரசுத் துறை 1916-ல் தொடங்கப்பட்டது. அதன் நூற்றாண்டை ஒட்டி 2016-ல் அந்நாட்டு ஹாம்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். கருவியையும் பாட்டரியையும் தூக்கிக்கொண்டு பூங்காக்களுக்குப் போய், அங்கிருந்து பேசினார்கள். அந்த ஓராண்டில் நடந்த தொடர்புகள் 10 லட்சத்துக்கும் அதிகம். அந்த ஆண்டோடு முடியவேண்டிய விழா முடியவில்லை. இன்று ஜப்பான், போலந்து, இத்தாலி, ஜெர்மனி என்று பல நாடுகளில் அது பரவியிருக்கிறது.

இதன் விதி எளியது. பூங்காவுக்குப் போனவர் ஒரே நாளில் குறைந்தது 10 பேரோடு தொடர்பு கொள்ளவேண்டும். அப்போதுதான் அவருடைய பயணம் கணக்கில் சேரும். நாள் என்பது உலகப் பொது நேரப்படி கணக்கிடப்படுகிறது. நமக்கு அது காலை 5.30 மணிக்குத் தொடங்கும்.

பூங்காவுக்குப் போகிறவர் உழைப்பாளிதான். மரத்தில் கம்பி கட்டி, வெயிலிலும் கொசுக்கடியிலும் உட்கார்ந்து கூப்பிடுகிறார். ஆனால் ஒன்பது பேர் பதில் சொல்லி, பத்தாவது ஆள் கிடைக்காவிட்டால் அவருடைய அன்றைய முயற்சி கணக்கில் வராது. எங்கோ ஒரு வீட்டில் காது கொடுத்துக் காத்திருக்கும் அந்தப் பத்தாவது மனிதர்தான் அதை நிறைவேற்றுகிறார். அவர் கடிதம் எழுத வேண்டாம், கணக்கு அனுப்ப வேண்டாம். கூப்பிட்டவருக்குப் பதில் கொடுத்தால் போதும்.

இந்த விளையாட்டின் பெருமை இங்கேதான் இருக்கிறது. பூங்காவிலிருந்து வரும் குரல் பெரும்பாலும் பலவீனமானது. 5 வாட்டில் பேசுகிறவர்களும் உண்டு. ஒரு சின்ன எல்.இ.டி. பல்புக்கு ஆகும் மின்சாரம்தான் அது. இரைச்சலுக்கு நடுவே அந்த மெல்லிய குரலைப் பிரித்தெடுக்கப் பொறுமை வேண்டும். பணத்தால் வாங்க முடியாத திறமை இது.

செல்போன் போதாதா?

"கையில் செல்போன் இருக்க, இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் செல்போனில் தெரிந்தவர்களோடுதான் பேசுகிறோம். கோபுரம் சாய்ந்தால் அந்தப் பேச்சும் நின்றுவிடும்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி தம் குழுவினரோடு அந்தமான் சென்றிருந்தார். அபூர்வமான இடத்திலிருந்து உலக ஹாம்களோடு பேசி மகிழ்வதே பயணத்தின் நோக்கம். 26-ந்தேதி சுனாமி தாக்கியது. தொலைபேசிகள் செயலிழந்தன. பேசி மகிழப் போனவர்கள், அன்று முதல் தீவுகளின் நிலையையும் உறவினர்கள் தேடிய செய்திகளையும் தாய்நாட்டுக்குக் கொண்டு சேர்த்தார்கள். ஆபத்து வந்த பிறகு பழகிக்கொள்ளலாம் என்றால் நடக்காது. பொழுதுபோக்காகப் பழகிய கையும் காதும்தான் அன்று உதவின.

நம்மவர்கள் செய்ய வேண்டியது

தடைகள் இல்லாமல் இல்லை. 14 மெகாஹெர்ட்ஸில் பேச ஏறக்குறைய 10 மீட்டர் நீளக் கம்பி கட்டவேண்டும். மொட்டை மாடியில் கட்ட ஹவுசிங் சொசைட்டி இணங்காது. சார்ஜர்களும் மலிவான விளக்குகளும் எழுப்பும் இரைச்சல் வேறு. பூங்காவில் இந்த இரண்டு தொல்லையும் குறைவு. ஆனால் போரிவலியில் இருப்பது சிறுத்தைகள் உலவும் காடு. வனத்துறை அனுமதியின்றி அங்கே கம்பி கட்டிவிட முடியாது. ஹாம் சங்கங்கள் முறைப்படி கேட்டால், குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நேரத்தில் அனுமதிக்க அத்துறை முன்வரவேண்டும்.

உரிமத்துக்கு மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை தேர்வு நடத்துகிறது. 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். பட்டம் தேவையில்லை. தொடக்க நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தந்திமுறையும் தெரிய வேண்டாம். அடிப்படை மின்னியலும் வானொலிச் சட்டமும் தெரிந்தால் போதும். ஆனால் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடைக்கின்றன. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் உள்ள பையன்கள் தயங்கி நிற்பது இங்கேதான்.

கருவியின் விலையும் ஒரு தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டக்கூடும். ஒருவர் தனியாக வாங்குவது கடினம். பத்துப் பேர் சேர்ந்தால் கடினமல்ல.

பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் மேடை போடும் நம் தமிழ்ச் சங்கங்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். உரிமம் பெற்ற ஒருவரை அழைத்துத் தமிழில் பாடம் சொல்ல வைக்கலாம். சங்கத்தின் பெயரில் உரிமம் பெற்று ஒரு நிலையமும் அமைக்கலாம். காலை வேளையில் 7 மெகாஹெர்ட்ஸில் இந்திய ஹாம்கள் கூடிப் பேசுவதைக் கேட்டாலே பையன்களுக்கு ஆர்வம் பிறக்கும்.

பிழைக்க வந்த ஊரில், கூப்பிட்ட குரலுக்குப் பதில் கிடைக்காமல் தவித்த நாட்கள் நம்மில் பலருக்கும் உண்டு. அதன் அருமை அறிந்தவர்கள் நாம். எங்கோ ஒரு மரத்தடியில் பத்தாவது பதிலுக்குக் காத்திருக்கும் மனிதருக்கு மும்பையிலிருந்து ஒரு தமிழ்ப் பையன் பதில் சொல்லட்டும். சங்கங்கள் இந்த ஆண்டே இதைத் தொடங்க வேண்டும்.