பனியில் ஒரு குளியல்

"மகள் பின்லாந்துக்குப் போய் ஒரு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் ஏரியில் ஐஸை வெட்டி, அந்தத் தண்ணீரில் உடுப்பே இல்லாமல் குளிக்கிறாளாம்! கூட வேலை பார்க்கும் பெண்கள் கூப்பிட்டார்களாம். புத்தி கெட்டுப் போச்சா இவளுக்கு? ஜன்னி கண்டால் யார் பார்ப்பது? ஜனவரியில் நானும் அங்கே போகிறேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற என்னையும் இழுத்துக்கொண்டு போய்விடுவாளோ?" ஈரோட்டுச் சகோதரி ஒருவர் இப்படிக் கொட்டித் தீர்த்திருக்கிறார்.

அம்மா, உங்களை அதிகம் உறுத்துவது ஜன்னியா, மானமா? மானத்தையே முதலில் பேசிவிடுவோம். சுமார் 56 லட்சம் ஜனங்கள் உள்ள அந்த நாட்டில் சவுனா என்கிற வெந்நீராவி அறைகள் மட்டும் சுமார் 30 லட்சம். அடுப்பின் மேல் கற்களைக் காய வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். 80, 90 டிகிரி சூடு. அந்தக் காலத்தில் பிரசவம்கூட அங்கேதான். நம் வீட்டு ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல் மாதிரி, அவர்களுக்கும் சனிக்கிழமைதான் விசேஷம்! 2020ல் யுனெஸ்கோவே இதைப் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. பெண்கள் தனி, ஆண்கள் தனி. கலந்து வரும் பொது இடங்களில் நீச்சலுடை அணிவதுதான் வழக்கம். பாட்டி, அம்மா, பேத்தி ஒரே பலகையில் உட்காருவார்கள். பிரசவ வரியையோ ஆபரேஷன் தழும்பையோ யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. மார்பில் கட்டி என்று தெரிந்தும், டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் மறைத்த பெண்களை நான் அறிவேன். அதனால் உங்கள் மகள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சளி கிருமியால் வருவது. பனியில் நின்றதால் மட்டும் வராது. சவுனாவில் வெந்து வெளியே வந்தால், உடம்பில் ஆவி பறக்கப் பனிமேல் ஓரிரு நிமிஷம் சுகமாக நிற்கலாம். தண்ணீர் அப்படியல்ல. காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். இறங்கியதும் மூச்சு திணறும், நாடி படபடக்கும், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அந்த முதல் நிமிஷம்தான் கண்டம். அப்போது முகம் முழுகினால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும்.

ஆகவே மகளுக்கு எழுதுங்கள்: குதிக்கக் கூடாது, ஏணியைப் பிடித்து மெள்ள இறங்கட்டும். தலை நனையக் கூடாது. கம்பளித் தொப்பி இருக்கட்டும். நிதானமாக மூச்சை வெளியே விட்டுக்கொண்டு, அரை நிமிஷத்தில் ஏறிவிட வேண்டும். தனியாக ஒருநாளும் வேண்டாம். மது வாடையே கூடாது. வயிற்றில் குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

உங்களுக்கு, அம்மா, ஏரி கிடையவே கிடையாது. பிரஷர்காரர்களுக்கும் இருதயக்காரர்களுக்கும் அது விஷப் பரீட்சை. சவுனாவுக்கு உங்கள் டாக்டர் சம்மதித்தால், சூடு குறைந்த கீழ்ப்பலகையில் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். எழுந்திருக்கும்போது மகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தலை சுற்றும். துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.